பட்டறை யார் பேருக்கு?

"எப்பப்பா எழுதித் தரப் போறீங்க?"

வந்த காலோடு அண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்பா அப்போதுதான் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

தங்கைக்குச் சுருக்கென்றது.

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை அது. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அதைத் தூக்கி நிறுத்தியவள் அவள். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

"முதல்ல உடம்பு தேறட்டும் அண்ணா. இப்ப என்ன அவசரம்?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பட்டறை மேல இவனுக்கும் ஆசை வந்துடுச்சு பாரு! ஆம்பளைப் பிள்ளைன்னா சும்மாவா?"

"அப்ப நான்?"

"நீ இன்னொரு வீட்டுக்குப் போனவம்மா. உனக்கு எழுதினா நம்ம சொத்து அங்க போயிடாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. மழையில் நின்றால் நனையும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அவள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே பத்திர ஆபீஸ். இடம், கட்டடம், மெஷின் எல்லாம் அண்ணன் பேருக்கு. சாட்சிக் கையெழுத்தும் அவளே போட வேண்டியிருந்தது. போட்டாள்.

அப்பாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு அண்ணன் திரும்பி வந்தான். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இப்ப திருப்தியா? உனக்கு ஒரு காயில் கட்டத் தெரியுமா? சாவியை எப்ப தரணும்னு சொல்லு, இன்னிக்கே வச்சுட்டுப் போயிடறேன்."

அவன் காதிலேயே வாங்கவில்லை. நேராகப் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"சார், இன்னொரு பத்திரம் எழுதணும். இப்ப என் பேருக்கு வந்துச்சே, அது மொத்தத்தையும் என் தங்கச்சி பேருக்கு மாத்தணும்."

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னண்ணா இது?"

"உனக்குக் கொடுங்கன்னு எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன். அப்பா அசையவே இல்லை. அதான், எனக்குக் கொடுங்கன்னு கேட்டேன்."