ஒரு வரியில் ஐந்து பேர்

ஒரு பேரின் விலை ஐயாயிரம் ரூபாய்.

சூரியநெல்லி மாதா கோயிலுக்குப் புது மணி வாங்க, கமிட்டி அப்படித்தான் விலை போட்டிருந்தது. ஐயாயிரம் கொடுத்தால் பளிங்குக் கல்லில் ஒரு வரி. எழுத்து முக்கால் இஞ்ச் உயரம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எஸ்டேட்டில் ஒரே நெரையில், ஒரே தேயிலை வரிசையில், கொழுந்தெடுக்கிற பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு வரியை வாங்கிவிட்டார்கள். ஆளுக்கு ஆயிரமாம். அந்த ஒரு வரியில் ஐந்து பேர் ஏற வேண்டும். கல்லில் எழுத்து வெட்டும் பெர்சியின் தலையில் வந்து விழுந்தது பாரம்.

அந்த நெரைக்காரி சகாயம் சித்தி, பேர்கள் எழுதிய சீட்டை நீட்டினாள். "நெரையில நிக்கிற வரிசையிலயே எழுதியிருக்கு. மாத்திராத. கூலி எவ்வளவுடா?"

"முன்னூறு, சித்தி."

"முன்னூறா? மணியையே நீதான் வாங்கித் தர்றியா? எரநூறு."

கடைப் பலகை எழுதச் சொல்லி வருகிற ஏலக்காய் வியாபாரிகளிடம்கூட பெர்சி இப்படித் தோற்றதில்லை. தலையாட்டினான்.

கம்ப்யூட்டரில் கல்லின் அளவுக்குத் தடித்த எழுத்தில் போட்டுப் பார்த்தான். மூன்றாவது பேரின் பாதியிலேயே கல் முடிந்துவிட்டது. பேரைச் சுருக்கலாமா?

மூன்றாவது பேரில் அவன் விரல் கொஞ்ச நேரம் நின்றது. சுருக்குவதாவது!

தேடித் தேடி, கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் தொடுகிற எழுத்தை எடுத்தான்.

ஒல்லி உடம்பு. வலப்பக்கம் லேசான சாய்வு. கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம். உயரத்தில் குறை வைக்காது, அகலத்துக்குப் பேராசைப்படாது. பெரிய வீட்டு மாப்பிள்ளைகளின் பேரை எழுதிப் பழகிய எழுத்து, கூடையோடு மேடேறுகிறவர்களைப் போல முன்னால் சாய்ந்து, ஐந்து பேரையும் ஏற்றிவிட்டது. ஒரு விரற்கடை இடம் மிச்சம்கூட.

அந்த எழுத்தை முதலில் வரைந்த முகம் தெரியாத ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான் பெர்சி.

ஞாயிறு பூசை முடிந்ததும், பொருளாளர் சூசையப்பன் அளவுகோலோடு வந்தார். உயரம் முக்கால் இஞ்ச். வரி ஒன்று. அகலத்தைப் பற்றிக் கமிட்டி வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கேட்டார்: "ஏம்ப்பா, தொகை சரிதான், ஆனா ஆயிரத்தி எரநூத்தம்பதுன்னு நாலு ரசீதுதானே இருக்கு? அஞ்சாவது ஆளு கட்டலியே?"

பெர்சி திரும்பிப் பார்த்தான். இருநூறுக்குப் பேரம் பேசிய வாய், அவசர அவசரமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற மூவரும் மணியையே அண்ணாந்து பார்த்தார்கள்.

கட்டிவிட்டுத்தான் போனாள் என்றல்லவா அவன் நம்பிக்கொண்டிருந்தான்!

மூன்றாவது பேர், மரியபுஷ்பம். பெர்சியின் அம்மா. போன தவக்காலத்தில் கோயிலுக்குப் பின்னால் அடக்கம் பண்ணியது.

வரி ஒன்று. ரசீது நான்கு. பேர் ஐந்து.

பாக்கி, பெர்சியின் பேரில்.