தட்டைப் பிடித்திருந்தவள்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், பள்ளிக்கூட மொட்டைமாடியில் பிலோமினா காலையிலிருந்து ஒரு சாட்டிலைட் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைத் தாங்கிய போல்ட் முறிந்திருந்தது. டெக்னீஷியன் ததேயு மோடத்தில் அலைவரிசையை ஏற்றி இறக்கிச் சலித்துப்போன நேரத்தில், போன் பேச வரிசையில் நின்ற பிலோமினாதான் தட்டைச் சற்றே நிமிர்த்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. "அப்படியே நில்லுங்கக்கா" என்றான். கை மாறினால் சிக்னல் போய்விடும், மறுபடி தேடிப் பிடிக்க பேட்டரி தாங்காது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மோடத்தில் செருகிய போனில் உயிரோடிருப்பதைச் சொல்லி அழுதுவிட்டு இறங்கிப் போனார்கள். வெயில் சாய்ந்தபோது இவர்கள் இருவர்தான் மிச்சம். மஸ்கட்டில் இருக்கும் மகனின் எண்ணை அவள் சொன்னாள். போன் வயர் அவள்வரை எட்டவில்லை. ததேயுவே பேசினான். "தம்பி, அம்மா நல்லா இருக்காங்க. இங்கதான் நிக்கிறாங்க."

"அம்மாகிட்ட குடுங்கண்ணே."

"இப்ப குடுக்க முடியாதுப்பா."

மறுமுனையில் மகனின் குரல் உடைந்தது. "மறைக்காம சொல்லுங்கண்ணே. அம்மா இருக்காங்களா?"

ததேயு ரிசீவரை வயர் இழுபடும் வரை அவள் பக்கம் நீட்டினான். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா." மரத்துப்போன கைகளோடு, உடம்பெல்லாம் குலுங்க, அவள் மகனைக் கூப்பிட்டாள். ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தபோதுதான் ததேயு பார்த்தான், பச்சை விளக்கு அணைந்திருந்தது. "அவனுக்குக் கேட்டுச்சாமா?" என்றாள் அவள், தட்டை விடாமல்.