ரெஜினாவின் பொறுப்பில் பவளங்கள்

இதய அறுவை சிகிச்சைக்காக ஹெக்டர் மருத்துவமனையில் படுத்தபோது, அவர் உயிருள்ள பவளங்களை வளர்த்துவந்த கடல்நீர்த் தொட்டி மனைவி ரெஜினாவின் பொறுப்பாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொட்டியைத் திட்டியே பழகியவள் அவள். ஒரு காலையில் பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. தண்ணீரைச் சோதித்தாள், பவளங்களுக்கு வேண்டிய கால்சியம் அளவு இறங்கியிருந்தது. பதறிப்போய் ஹெக்டருக்குப் போன் செய்தாள்.

"கால்சியம் மருந்த மொத்தமா ஊத்திராத. தண்ணி திடீர்னு மாறுனா செத்துரும். சொட்டுச் சொட்டா விடு," என்றார் ஹெக்டர்.

சமையலையும் மறந்து, பொழுது சாயும்வரை தொட்டியருகிலேயே உட்கார்ந்து கால்சியம் விட்டாள்.

அவர் வீடு திரும்பியபோது பவளங்கள் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. ஆசையோடு மருந்துப் பாட்டிலை எடுக்கப் போனார்.

"அத வைங்க. இதுகளுக்கு இப்ப என் கைதான் பழக்கம்," என்றாள்.

ஹெக்டர் கையை இழுத்துக்கொண்டார். "சும்மா பக்கத்துல உக்காந்து பாக்கலாமா?"

ரெஜினா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.