வெள்ளிப் பாதம்

இடது பாதத்தில் ஆபரேஷன் ஆகி மாதக்கணக்காகியும் ஏலவார்குழலிக்கு வீக்கம் வற்றவில்லை. தறியில் இறங்கி மிதிக்க முடியவில்லை. கணவன் சிவராஜ் வேண்டிக்கொண்டு, மாகறல் கோயில் உண்டியலில் வெள்ளிப் பாதம் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தான். விரல்களுக்குப் பதில் நாலு கோடு கிழித்த சின்னத் தகடு.

“எந்தக் கால் வாங்குனீங்க?”

“வலது. தினம் எதிர்ல குந்திக்கினு கட்டு மாத்தறனே, தெரியாதா?”

“எதிர்ல குந்துனா உங்க வலப்பக்கம் வர்றது என் இடது காலுங்க!”

“சாமிக்குத் தெரியாதாம்மா?” என்று சிரித்தான்.

இடது கால் வீங்கியபடியே இருந்தது. நன்றாயிருந்த வலது பாதத்தில், மிதித்து மிதித்து ஏறிய காய்ப்பு மறைந்து தோல் பளபளத்தது. வெள்ளிக்கிழமை குளித்து வந்தபோது வலக்கால் மெட்டி தானாகக் கழன்று உருண்டது. எடுத்துப் போடக் குனிந்தாள். போட இடமில்லை. விரல்கள் இருந்த இடத்தில் நாலு கோடுகள் இருந்தன.