லீவுக்கு ஒரு கஃபீல்

“வெளிதேசம் போய்த் திரும்பினவன் மொதல்ல யார் வூட்டு வாசப்படியை மிதிக்கணும்னா...”

மாமனார் ஜம்புலிங்கம் இப்படித்தான் ஏதோ ஆரம்பிப்பார். மீதி கோதண்டபாணிக்கு நினைவில் இல்லை.

ரியாத்திலிருந்து லீவில் வந்ததிலிருந்து எல்லாமே பாதித் தூக்கத்தில் கேட்ட பேச்சு மாதிரிதான் இருந்தது. அங்கே படுத்தால் ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும். இங்கே படுத்தால் ரியாத் தோல் ஷெட்டில் தோலைத் தேய்க்கிற பஃபிங் மிஷின் சுற்றுகிறது. தோல் தூசி பனிபோல இறங்குகிறது. விழித்தால் இருமல்.

“ஷபீ பாய் அவரு வூட்டுக்குக் குடுத்தனுப்பின பார்சல் அப்படியே கெடக்குது. எப்பதான் குடுக்கப் போறீங்க?” என்றாள் மனைவி சுந்தரி.

“குடுக்கலாம்.”

“இன்னா மனுசனோ! பெத்த பொண்ணு நிக்காஹை ரெண்டு தபா தள்ளி வெச்சிட்டாரு. போர்மேன் சம்பளத்தை வுட்டு வர மனசு வருமா? உங்களைத் தூசியில தள்ளிட்டு அவரு நெழல்ல நிக்கிறாரு.”

கோதண்டபாணி மறுத்துப் பேசவில்லை. அவனை ரியாத்துக்கு அழைத்துப் போனதே ஷபீ அஹமதுதான். ஆனால், “மிஷின் மாத்திக் குடு பாய், இருமித் தொலைக்கிறேன்” என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: “கஃபீல் ஒத்துக்கல தோஸ்த்.”

கஃபீல் என்றால் விசா கொடுத்த அரபி முதலாளி. அவன் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. வேறு கம்பெனிக்குப் போக ரிலீஸ் கேட்டபோதும் அதே பதில்தான். லீவுக்கு மட்டும் ஒருநாள் ஷபீ சிரித்துக்கொண்டே வந்து, “கஃபீல் ஒத்துக்கிட்டாச்சு, கெளம்பு” என்றார்.

ரிலீஸ் கிடைக்காதவனுக்கு ஒரே வழிதான் உண்டு. லீவில் வந்து ஊரோடு நின்றுவிட வேண்டும். பிறகு வேறு நாட்டு விசாவில் பறந்துவிட வேண்டும்.

அந்த வழியும் வீடு தேடி வந்தது. டிராவல்ஸ் பஞ்சாட்சரம் வந்தார். துபாயில் தோல் கிடங்கு, தரம் பிரிக்கிற வேலை, தூசியே கிடையாது. கோதண்டபாணி பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான்.

“நல்லதாப் போச்சு. இன்னொரு வருசம் தூசி குடிச்சா நெஞ்சு தாங்காதுன்னு வேலூர் டாக்டர் சொன்னாரே” என்றாள் சுந்தரி.

மறுநாள் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனான். ஷபீயின் மனைவி ஜரீனா படுதாவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

“வாங்கண்ணா. ரொம்ப எளச்சிட்டீங்களே! அங்க எப்பண்ணா திரும்பிப் போறீங்க?”

“இன்னும் முடிவு பண்ணலம்மா.”

“சீக்கிரம் போங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போய்ச் சேந்தாதானே இவர் கெளம்ப முடியும்? மாப்பிள்ளை வூட்ல ஒரே பேஜாரு. இன்னொரு தபா தள்ளினா வேற எடம் பாத்துக்கறோம்னுட்டாங்க.”

“நான் போறதுக்கும் பாய் வர்றதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? என் லீவுக்குத்தான் கஃபீல் ஒத்துக்கிட்டாரே!”

படுதா லேசாக அசைந்தது.

“எந்தக் கஃபீலைச் சொல்றீங்க?”

“அந்த அரபியைத்தான்.”

“எங்க பேச்சுல கஃபீல்னா ஜாமீன் நிக்கிறவர்ண்ணா. விசாவுக்குத்தான் அந்த அரபி. உங்க லீவுக்குக் கஃபீல் எங்க வூட்டுக்காரர். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அவர் பாஸ்போர்ட்டு அரபி பெட்டியில. வரலைன்னா அவருக்கு லீவே கெடையாது. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னாரு. நான் ஒரு பைத்தியம், வாய வுட்டுட்டேன்.”

கோதண்டபாணி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். பஜாரில் லாரிகள் சத்தமே இல்லாமல் போவதுபோல இருந்தது. தோல் மண்டிகளும் பிரியாணிக் கடைகளும் எங்கேயோ தூரத்தில் நகர்ந்தன. கால்கள்தான் அவனைப் பஞ்சாட்சரத்தின் ஆபீசுக்குக் கொண்டு போயின.

“சார், பாஸ்போர்ட்டைக் குடுங்க. துபாய் வேணாம்.”

“இன்னாய்யா விளையாடறியா? விசா வந்து உக்காந்திருக்குது!”

“நான் போய்ட்டா ஷபீ பாய் அங்கயே மாட்டிக்குவாரு. எனக்கு ஜாமீன் நிக்கிறாரு. பொண்ணு கல்யாணம் நின்னு போய்டும்.”

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஜாமீனா? யாரு, ஷபீயா?”

“ஆமா சார்.”

“அடப்பாவி! இந்த விசாவைப் புடிச்சதே அவன்தான்யா. துபாய் மானேஜர் அவனோட தோஸ்து. டிரங்கால் போட்டு எங்கிட்ட இன்னா சொன்னான் தெரியுமா? ‘அவன் இருமறதைக் கேட்டுக்கிட்டு என்னால படுக்க முடியல. ஊருக்கு வந்ததும் புடிச்சு துபாய்க்கு ஏத்தி வுட்டுடு. என் பேரை மட்டும் சொல்லிடாதே, சொன்னா போகமாட்டான்’னான். ஜாமீனைப் பத்தி எங்கிட்ட மூச்சு வுடலியே!”

கோதண்டபாணிக்கு இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான். பிறகு கையை நீட்டினான்.

பஞ்சாட்சரம் டிராயரைத் திறந்தார்.

அந்த வாரமே கோதண்டபாணி அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ஏறி, பம்பாயிலிருந்து ரியாத்துக்குப் பறந்தான்.