சிரித்த வக்கீலம்மா

“வக்கீலம்மா, வந்துட்டாங்க! ரெய்டு! கோட்டு சூட்டு, கையில பெட்டி, வாசல்ல நிக்கிறாங்க! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!”

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி போனில் அலறி முடிப்பதற்குள் வக்கீலம்மா அவர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

“போனை இன்னும் வைக்கவே இல்லியே! எப்படி வந்தீங்க?”

“எதிர்க்கடையிலதான் காபி குடிச்சுக்கிட்டிருந்தேன். வாங்க, வந்தவங்களை உட்காரச் சொல்லுவோம்.”

முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே குடி முழுகிக்கொண்டிருக்கிறது, இந்தம்மா கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரிக்கிறாரே!

விஷயம் இதுதான். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசி ஒரே நேரத்தில் விலையை ஏற்றுகின்றன என்று ஊரெல்லாம் புகார். அப்படிக் கூட்டுச் சேருகிறவர்களைப் பிடிக்கத்தான் போட்டி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் மாட்டாமல் ஒழுங்காகத் தொழில் நடத்தச் சொல்லிக்கொடுப்பதுதான் வக்கீலம்மாவின் வேலை. பெரிய சட்ட நிறுவனத்தை விட்டு வந்து தனியாகப் பலகை மாட்டிய அவருக்கு இதுதான் முதல் கட்சிக்காரர்.

முதலாளி அந்தக் கூட்டில் இல்லை. ஆனால் ஆபீசில் யாராவது பயத்தில் ஒரு காகிதத்தைக் கிழித்தாலும் போச்சு, செய்யாத குற்றத்தையும் தலையில் கட்டிவிடுவார்கள். “என் ஆளுங்க எல்லாம் தொடைநடுங்கிங்க. ஒருத்தர் சொதப்பினாலும் நான் வேற வக்கீலைப் பார்த்துக்குவேன்” என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

முன்னறையில் முறுக்கு மீசை வைத்த பெரிய அதிகாரி கர்ஜித்தார். “யாரும் எதையும் தொடக் கூடாது!”

வரவேற்பறைப் பெண் பயந்துதான் போனாள். ஆனாலும் எழுந்து நின்று, “உங்க அடையாள அட்டையையும் ஆணையையும் காட்டுங்க சார். பார்த்துட்டுத்தான் உள்ள விடுவேன்” என்றாள்.

வக்கீலம்மா அந்த ஆணையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அடடா! முத்திரை, கையெழுத்து, ஒண்ணும் விட்டுப்போகல. பிரமாதம்!”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அடுத்து கணக்காளரிடம் போனார்கள். “போன மாசம் ஏன் விலை ஏத்தினீங்க?”

“காகித விலை ஏறிச்சு சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததை நான் யூகிச்சுச் சொல்லக் கூடாது.”

வக்கீலம்மா கைதட்டாத குறைதான்.

அதிகாரி விற்பனை மேலாளர் பக்கம் திரும்பியதும் முதலாளி ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஆபீசில் அந்த மேலாளருக்கு உளறுவாயர் என்றே பெயர். போதாக்குறைக்கு, போட்டிக் கம்பெனி மேலாளர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அவரையும் யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள்.

“போனைக் குடுங்க.”

உளறுவாயரின் கட்டைவிரல் திரைமேல் ஆடியது. அழித்துவிடலாமா? முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார். உளறுவாயர் ஒரு பெருமூச்சு விட்டார். போனை அப்படியே நீட்டிவிட்டார்.

அதிகாரி சத்தமாகவே படித்தார். “‘விலையைப் பத்திப் பேசறதா இருந்தா என்னை விட்டுடுங்கப்பா. எங்க வக்கீலம்மா தோலை உரிச்சிடுவாங்க.’ இதைப் போட்டுட்டு உடனே வெளியேறியிருக்கீங்க.”

“ஆமா சார். நிஜமாவே உரிச்சிடுவாங்க சார்.”

வக்கீலம்மா அதிகாரியின் காதருகே போய் ஏதோ கிசுகிசுத்தார். அவர் முகம் குப்பென்று சிவந்தது. விறுக்கென்று திரும்பி அடுத்த மேசைக்குப் போனார்.

மத்தியானம் கிளம்பும்போது அதிகாரி சொன்னார்: “இங்க தப்பா எதுவுமே இல்ல. ஆபீஸ்னா இப்படி இருக்கணும்.”

கார் தெருமுனை திரும்பியதும் வக்கீலம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எல்லாரும் மூச்சு விடுங்க! இது வெறும் ஒத்திகை! வந்தவங்க நாடகக் குழு. ‘எனக்கே தெரியாம ஒரு நாள் வச்சுப் பாருங்க’ன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

ஆபீசே கூரை பறக்கிற மாதிரி சிரித்தது. கணக்காளரை முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். “அட கடவுளே, போன உயிர் திரும்பி வந்துச்சு! எங்க பிடிச்சீங்க இவங்களை?”

“நேர்ல நானே இன்னிக்குத்தான் பார்க்கறேன், போன்ல பேசினதோட சரி. என்ன நடிப்பு! போனை வாங்கிப் படிச்சாரே, அது நான் சொல்லிக் குடுக்கவே இல்ல.”

“அவர் காதுல என்னம்மா சொன்னீங்க?” உளறுவாயருக்கு அது தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும்.

“ஒட்டு மீசை லேசா கோணியிருக்கு, சரி பண்ணிக்குங்கன்னேன். மனுஷன் கொஞ்சமாவது சிரிக்கணுமே!”

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் ஆளுங்களைப் பார்த்தா எனக்கே பெருமையா இருக்கு. இனி இந்தக் கம்பெனி இருக்கிற வரைக்கும் நீங்கதான் எங்க வக்கீல்!”

வக்கீலம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது.

“நாடகக் குழுத் தலைவர்தான்! ஸ்பீக்கர்ல போடறேன், எல்லாரும் பலமா ஒரு கைதட்டுக் குடுங்க!”

கைதட்டல் ஓய்வதற்குக் காத்திருந்து அந்தக் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: “மேடம், கோவிச்சுக்காதீங்க, வேன் பாதி வழியில நின்னுபோச்சு. காலையிலேருந்து கோட்டு சூட்டோட ரோட்டுலதான் நிக்கிறோம். ரெய்டை நாளைக்கு வச்சுக்கலாமா?”