படியில் சேறு

இன்றைக்கும் சுவிட்ச் விழவில்லை.

அவள் அறை வாசலில் நின்று கேட்டாள். ஈரம் இழுக்கும் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் தொட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

வெளியே குன்னூர் மழை. சுவர் நனைந்து சுண்ணாம்பு உப்பியிருந்தது. பீரோவின் முதுகில் பூஞ்சை.

வாங்கியதிலிருந்தே இந்த மெஷினைப் போட்டால் போதும், ஹாலில் இருக்கும் டிரிப்பர் சுவிட்ச் டொப்பென்று கீழே விழும். வீடே இருண்டுவிடும். உள்ளே எங்கோ கரண்டு கசிகிறது, அதைப் போடாதீர்கள், திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று கடைக்காரர் போனிலேயே சொன்னார்.

அவள் கணவன் கொண்டுபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறினான். மதியம்வரை அறைக்கதவு சாத்தியே இருந்தது.

"இனிமே விழாது," என்றான்.

விழவில்லை.

மெஷின் அதேதான். ஈரமும் அதேதான்.

கசிகிற கரண்டு இப்போது எங்கே போகிறது?

ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சுவரில் புதிதாக ஒரு கறுப்பு வயர். மீட்டர் பக்கமிருந்து நேராக வந்தது. டிரிப்பர் பெட்டியை அது தொடவே இல்லை.

பிளக்கிலிருந்து ஒரு பச்சை வயர் தனியாகப் பிரிந்தது. தரையோரமாகப் போய், ஜன்னல் இடுக்கில் நுழைந்து, வெளியேறியது.

ஜன்னலைத் திறந்தாள்.

வெளிச்சுவரை ஒட்டி இரும்புக் குழாய் இறங்குகிறது. மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்கு. மேல்வீட்டுக்குப் போன வருஷமே பிளாஸ்டிக் குழாய் மாற்றியாயிற்று. கீழே இன்னும் பழைய இரும்புதான்.

பச்சை வயர் அந்தக் குழாயில் சுற்றியிருந்தது. இறுக்கமாக. மேலே டேப் வேறு.

கீழ்வீட்டில் எஸ்தர் குடியிருக்கிறாள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடவேண்டும், காலி செய் என்று கணவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

முந்தாநாள் துணி அலசும்போது எஸ்தர் மேலே பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, உங்க குழாய் என்னைக் கிள்ளுதுக்கா. கெளம்பு கெளம்புன்னு அதுக்கும் அண்ணன் சொல்லிக் குடுத்துட்டாரு போல."

அவளும் சிரித்தாள்.

"குளிர்ல விரல் மரத்துப் போயிருக்கும்டி."

இப்போது சிரிப்பு வரவில்லை.

அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முனையைக் குழாயில் வைத்தாள்.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

மெஷினை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கித் தரையிலிருந்து தள்ளி, கட்டில்மேல் போட்டாள். மறுபடி முனையை வைத்தாள்.

எரியவில்லை.

தெரியாமல் செய்திருப்பான். எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டுகிறவர்கள் இல்லையா? அவளுடைய அம்மா வீட்டிலேயே அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

தெரியாமல்தான்.

டேப்பைக் கிழித்தாள். வயரைக் குழாயிலிருந்து அவிழ்த்து, மறுமுனையைக் கத்தரியால் நறுக்கினாள். விரலில் சுற்றிக்கொண்டே படிக்கட்டுக்கு வந்தாள்.

தகரக் கூரை போட்ட படிக்கட்டு. மழை உள்ளே வராது.

படியெல்லாம் சேறு.

அவனுடைய செருப்புத் தடம்.

படிக்கட்டின் அடியில்தான் எஸ்தரின் குழாய். வேலையிலிருந்து வந்தால் அதில் கால் கழுவாமல் அவன் ஒரு படிகூட ஏறமாட்டான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். காய்ச்சலோடு வந்த அன்றும் கழுவினான். அவள் கழுவாமல் ஏறினால் திட்டுவான்.

இந்த வாரம்தான் தினமும் சேறு துடைக்கிறாள்.

மழை அதிகம் என்று நினைத்திருந்தாள்.

வாளியை எடுத்துவந்து துடைத்தாள். மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை. ஒரு தடம்கூட மிச்சமில்லாமல்.

சாயங்காலம் அவன் வந்தான். அவள் மேல்படியில் நின்றிருந்தாள். சால்வைக்குள் பச்சை வயர்.

"கீழயே கால் கழுவிட்டு வாங்க. இப்பதான் தொடைச்சேன்."

அவன் குழாயைப் பார்த்தான். குடையை மடக்கினான். தட்டினான். மறுபடி விரித்தான்.

"தண்ணி ஐஸாட்டம் இருக்கும். மேல வந்து சுடுதண்ணில கழுவிக்கிறேன்."

அவள் நகரவில்லை.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. எஸ்தர் குடத்தோடு வந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே."

அவன் எஸ்தரைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான்.

வழி விட்டான்.

எஸ்தர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. முந்தானையை விலக்கி, ஒற்றை விரலால் குழாயைத் தொட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இன்னொரு தரம் தொட்டாள். அப்புறம் முழுக்கையால் பிடித்தாள்.

"அக்கா," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "இன்னைக்குக் கிள்ளலக்கா."

அவன் நிமிர்ந்தான்.

முதலில் ஜன்னலைப் பார்த்தான்.

அப்புறம்தான் அவளை.